காமா-எச்2ஏஎக்ஸ் புள்ளிகள் கூடினால் டிஎன்ஏ பழுதுபார்ப்பு தடைபட்டது என்று எழுதலாமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) ஒரு செடியின் சாற்றைச் சேர்த்து 24 மணி நேரம் வைத்திருக்கிறீர்கள். டிஎன்ஏ முறிந்த இடத்தைக் காட்டும் காமா-எச்2ஏஎக்ஸ் என்ற குறிக்கு ஆன்டிபாடி போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சாறு படாத செல்லில் இரண்டு மூன்றாக இருந்த புள்ளிகள் சாறு பட்டதில் பதினைந்து இருபதாகக் கூடியிருக்கின்றன. “இந்தச் சாறு டிஎன்ஏ பழுதுபார்ப்பைத் தடுக்கிறது என்று எழுதலாமா, அதற்கு வேறு என்ன கருவி வேண்டும்?” என்பது உங்கள் கேள்வி. கருவிகளின் பட்டியல் கேட்டது மாதிரி தெரிந்தாலும், உண்மையில் நீங்கள் கேட்பது இதுதான்: நீங்கள் பார்த்தது டிஎன்ஏ முறிவையா, முறிவைச் செல் உணர்ந்துகொண்டதையா, அல்லது உணர்ந்தும் சரிசெய்ய முடியாமல் நிற்பதையா? இருக்கிற தரவை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. அதனால் அந்த வாக்கியத்தை இப்போது எழுத முடியாது. ஆனால் ப்ராஜெக்ட் வீணாகிவிடவில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

நான் கதிர்வீச்சு உயிரியல் ஆய்வகத்தில் வருடக்கணக்காகப் பாலூட்டிச் செல்களோடு வேலை செய்தவன். ஈஸ்ட், செல்லை உடைத்தெடுத்த எக்ஸ்ட்ராக்ட், ஒற்றை மூலக்கூறு ஆய்வுகள் எல்லாம் எனக்குப் படிப்பறிவுதான், கைப்பழக்கம் இல்லை. கீழே சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஏறிப் பார்க்கிறீர்கள், தொட்டி நிரம்பியிருக்கிறது. யாரோ மோட்டாரை அதிக நேரம் ஓடவிட்டிருக்கலாம். இல்லையென்றால் கீழே போகும் குழாய் அடைத்திருக்கலாம். நீர்மட்டத்தை ஒரே ஒரு தடவை பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியுமா? 24-ஆம் மணி நேரத்தில் நீங்கள் எண்ணிய புள்ளிகள் அந்த நீர்மட்டம்தான். சாறு புதிது புதிதாக முறிவுகளை உண்டாக்கினாலும் புள்ளி கூடும், ஏற்கெனவே நடக்கும் முறிவுகளைச் சரிசெய்ய விடாமல் தடுத்தாலும் கூடும். பிரித்துப் பார்க்க ஒரே வழி, மோட்டாரை நீங்களே ஒரு குறிப்பிட்ட நேரம் ஓட்டி, நிறுத்தி, அப்புறம் மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பது. பழுதுபார்ப்பை அளக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு யோசனையின் வெவ்வேறு வடிவங்கள்.

முதலில் அந்தப் புள்ளி என்ன என்பது. எச்2ஏஎக்ஸ் என்பது டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒரு வகை. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் முறிந்தால் (இரட்டை இழை முறிவு), சில நிமிடங்களுக்குள் அந்தப் புரதத்தின் 139-ஆம் அமினோ அமிலமான செரினில் ஒரு பாஸ்பேட் ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டிய அந்த வடிவம்தான் காமா-எச்2ஏஎக்ஸ். வில்லியம் பானர் குழு 1998-இல் இதை வெளியிட்டது. முறிவு நடந்த ஒரு இடத்தில் மட்டும் இது நடப்பதில்லை, இரு பக்கமும் லட்சக்கணக்கான டிஎன்ஏ எழுத்துகள் தூரத்துக்குப் பரவுகிறது. அதனால்தான் ஒரே ஒரு முறிவு சாதாரண ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகி நிற்கிறது. கதிர்வீச்சு கொடுத்தால் சுமார் 30 நிமிடத்தில் எண்ணிக்கை உச்சத்துக்குப் போய், அடுத்த சில மணி நேரங்களில் மளமளவென இறங்கி, 24 மணி நேரத்தில் சொற்பமே மிஞ்சும். இதுவரை சொன்னதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் இருப்பது புள்ளி மறைவதன் பொருளில். இழை ஒட்டிய அதே நொடியில் பாஸ்பேட் விழுந்துவிடாது, அதை அகற்ற பாஸ்பட்டேஸ் நொதிகள் வந்து வேலை செய்ய வேண்டும். ஆகவே புள்ளி மிஞ்சியிருப்பது முறிவு மிஞ்சியிருப்பதற்குச் சான்று என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது. வீடு கட்டி முடித்த பிறகும் சாரம் நாலு நாள் நிற்கும் அல்லவா, அது மாதிரி.

உங்கள் விஷயத்தில் இன்னும் சில வழிகளில் புள்ளி கூடியிருக்கலாம். எஸ் கட்டத்தில் டிஎன்ஏவைப் படியெடுக்கும் செல்களில் முறிவு எதுவும் கொடுக்காமலே புள்ளிகள் இருக்கும். சாறு செல்களை அந்தக் கட்டத்தில் தேக்கி நிறுத்தினாலே உங்கள் சராசரி ஏறிவிடும். சாகப்போகும் செல்களும் தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே துண்டு போடும். அப்போது தனித்தனிப் புள்ளிகளாக இல்லாமல் அணுக்கரு முழுக்க ஒரே ஒளியாக எரியும். தாவரச் சாறுகளுக்கே உரிய ஒரு வில்லங்கமும் உண்டு. பாலிஃபீனால் அதிகம் உள்ள சாறுகள் வளர்ப்பு ஊடகத்திலேயே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல்லுக்குள் போவதற்கு முன்பே, தட்டிலேயே இது நடந்துவிடும். அப்படியானால் நீங்கள் அளந்தது செடியின் குணத்தை அல்ல, பெராக்சைடின் குணத்தை. ஊடகத்தில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்து ஒரு தட்டு வையுங்கள். புள்ளிகள் காணாமல் போனால் விடை கிடைத்துவிட்டது. வழிகாட்டியிடம் காட்டுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுவது நல்லது, செலவும் குறைவு.

செடி உண்மையிலேயே டிஎன்ஏவை வெட்ட வைப்பதாகவும் இருக்கலாம். சில புற்றுநோய் மருந்துகளின் மூலப்பொருளான கேம்ப்டோதெசின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்டீஸ் மரத்திலும் இருக்கிறது. அது டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ்-1 நொதியை டிஎன்ஏ மேலேயே சிக்க வைத்துவிடும், படியெடுக்கும் இயந்திரம் வந்து அதில் மோதும்போது முறிவு உண்டாகும். எடோபோசைட் என்ற மருந்து இதையே டோப்போஐசோமரேஸ்-2 நொதிக்குச் செய்கிறது. இவை முறிவை உண்டாக்கும் பொருள்கள், பழுதுபார்ப்பைத் தடுப்பவை அல்ல. உங்கள் 24 மணி நேரப் படத்தில் இரண்டு வகையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சரி, மோட்டாரை நாமே ஓட்டுவது எப்படி? முறிவை எதை வைத்து உண்டாக்குகிறோம் என்பதில்தான் பாதிப் பிழைகள் நுழைகின்றன. கல்லூரி ஆய்வகங்களில் கைக்கு எட்டுவது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது பெரும்பாலும் உண்டாக்குவது ஒற்றை இழை முறிவுகளையும் ஆக்சிஜனேற்றம் அடைந்த பேஸ்களையும் (டிஎன்ஏ எழுத்துகள்)தான், இரட்டை இழை முறிவு மிகக் குறைவு. “பெராக்சைடு கொடுத்து இரட்டை இழை பழுதுபார்ப்பை ஆராய்ந்தோம்” என்று எழுதினால் விமர்சகர் முதல் பக்கத்திலேயே பேனாவை எடுப்பார். பிளியோமைசின் என்ற மருந்து இரட்டை இழையையும் முறிக்கும், ஆனால் செல்லுக்குள் சுலபமாக நுழையாது. பக்கத்துப் பக்கத்துச் செல்களில் ஒன்றில் ஐந்து புள்ளி, இன்னொன்றில் ஐம்பது என்று படுத்தும். எடோபோசைட் தரும் முறிவின் நுனியில் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் கழற்றுவதே தனி வேலை. எனக்கு இன்றும் பிடித்தது கதிர்வீச்சுதான். கொடுத்த நொடி துல்லியமாகத் தெரியும், எல்லாச் செல்லுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கிடைக்கும், நிறுத்தியதும் நின்றுவிடும், கழுவி எடுக்க எதுவும் இல்லை. ஒரு கிரே (கதிர்வீச்சின் அளவலகு) கொடுத்தால் ஒரு மனிதச் செல்லில் சுமார் 30 முதல் 40 இரட்டை இழை முறிவுகளும் ஆயிரம் வாக்கில் ஒற்றை இழை முறிவுகளும் உண்டாகும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

“எங்கள் கல்லூரியில் கதிர்வீச்சுக் கருவி இல்லையே” என்பீர்கள். எங்களிடமும் ரொம்ப நாள் கிடையாது. பக்கத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் அனுமதி வாங்கி, நோயாளிகள் எல்லாம் போன பிறகு சாயங்காலம் கதிரூட்டி எடுத்து வருவோம். செல்களை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போக வேண்டும், ஐஸிலேயே திரும்ப வேண்டும். குளிரில் பழுதுபார்க்கும் நொதிகள் ஏறக்குறைய உறங்கிவிடும். ஆய்வகத்துக்கு வந்து 37 டிகிரி ஊடகத்தை ஊற்றிய அந்தக் கணம்தான் உங்கள் பூஜ்ய நிமிடம். கதிர் படாத ஃபிளாஸ்க்கும் அதே பெட்டியில், அதே ஆட்டோவில், போய்விட்டு வர வேண்டும். முதல் தடவை நான் கன்ட்ரோலை இன்குபேட்டரிலேயே விட்டுவிட்டுப் போனேன். குளிரும் குலுக்கலும் கண்ட செல்லையும் சொகுசாக இருந்த செல்லையும் ஒப்பிட்டு ஒரு வாரம் மகிழ்ந்திருந்தேன். அளவு 1 கிரே போதும், 2-க்கு மேல் போகாதீர்கள். புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ணவே முடியாமல் போகும். 30 நிமிடம், 2 மணி, 6 மணி, 24 மணி என்று நிறுத்தி எண்ணுங்கள். சாறு கொடுத்ததிலும் கொடுக்காததிலும் 30 நிமிட எண்ணிக்கை ஒன்றாகவே இருந்து, 6 மணியிலும் 24 மணியிலும் சாறு கொடுத்தது மட்டும் இறங்காமல் நின்றால், அப்போதுதான் “தடுக்கிறது” என்ற சொல்லின் பக்கத்தில் வருகிறீர்கள்.

பக்கத்தில்தான். முறிவையே நேரடியாகப் பார்க்கும் ஒரு சோதனை துணைக்கு வேண்டும். அதுதான் கோமெட். செல்களை உருகிய அகரோஸில் கலந்து ஸ்லைடில் மெல்லிய படலமாகப் பூசி, உப்பும் டிட்டர்ஜென்ட்டும் கலந்த கரைசலில் கரைத்தால் சவ்வும் புரதங்களும் போய் டிஎன்ஏ மட்டும் ஒரு உருண்டையாக நிற்கும். மின்புலம் கொடுத்தால் முறிந்த டிஎன்ஏ நேர்மின்முனைப் பக்கம் நழுவி வால் நட்சத்திரம் போல நீளும். 1984-இல் ஆஸ்ட்லிங், யோஹான்சன் இருவரும் நடுநிலைக் கரைசலில் செய்தார்கள். 1988-இல் சிங் குழு இதைக் கடுங்காரத்துக்கு மாற்றிய பிறகுதான் ஊரெல்லாம் பரவியது. காரம் இரண்டு இழைகளையும் பிரித்துவிடுவதால் ஒற்றை இழை முறிவும் வாலில் தெரியும். இங்கேதான் மேலே சொன்ன எண்கள் வருகின்றன. ஆயிரம் ஒற்றை முறிவுகளுக்கு நடுவில் முப்பது நாற்பது இரட்டை முறிவுகளைக் காரக் கோமெட்டில் தேடுவது திருவிழாக் கூட்டத்தில் ஒருவரின் குரலைத் தேடுவது போல. கதிர்வீச்சுக்குப் பிறகு காரக் கோமெட்டின் வால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் சுருங்கிவிடும். அதே செல்லில் காமா-எச்2ஏஎக்ஸ் புள்ளிகள் ஏராளமாக நிற்கும். இரண்டு கருவியும் பொய் சொல்லவில்லை, வெவ்வேறு முறிவுகளைப் பற்றிப் பேசுகின்றன. ஒற்றை இழை சில நிமிடங்களிலேயே ஒட்டத் தொடங்கிவிடுவதால், பெராக்சைடு கொடுத்து முதல் அளவை ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் கதை முடிந்த பிறகு தியேட்டருக்குள் நுழைந்த கணக்குதான். ஐஸில் ஐந்து நிமிடம் கொடுத்து, கழுவி, 0, 10, 20, 40 நிமிடம் என்று எடுங்கள்.

கோமெட்டில் உங்களை அழ வைக்கப்போவது டிஎன்ஏ அல்ல, அகரோஸ். ஸ்லைடில் முன்கூட்டியே சாதாரண அகரோஸ் ஒரு பூச்சுப் பூசி, நன்றாகக் காய வைத்திருக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த ஒரு நவம்பரில் அது காயவே இல்லை. நான் அவசரப்பட்டேன். காரத் தொட்டிக்குள் என் பன்னிரண்டு ஸ்லைடுகளின் படலமும் ஒவ்வொன்றாகக் கழன்று அப்பளம் மாதிரி மிதந்தன. விளக்கையும் அணைத்து வைத்திருந்தோம், டார்ச் அடித்துத்தான் பார்த்தேன். இப்போதெல்லாம் முதல் நாள் இரவே பூசி, 37 டிகிரியில் வைத்துவிட்டுப் போகிறேன். எண்ணும்போது வாலின் நீளத்தைவிட வாலில் உள்ள டிஎன்ஏவின் சதவீதத்தைக் கொடுங்கள். நீளம் ஓரளவுக்கு மேல் வளராது, சதவீதம் வளர்ந்துகொண்டே போகும். தலையே இல்லாமல் எல்லாம் வாலாகப் போன செல்களை “இறந்தவை” என்று ஒதுக்கும் பழக்கம் பல கட்டுரைகளில் உண்டு. அவை எல்லாமே அப்போப்டோசிஸ் (செல் தன்னைத் தானே அழித்துக்கொள்வது) செல்கள் என்பதற்கு ஆதாரம் பலவீனம், கடுமையாக அடிபட்டுப் பிறகு தேறும் செல்களும் அப்படித் தெரியும். ஒதுக்காமல் தனியாக எண்ணி அறிக்கையில் சொல்லிவிடுவதே நேர்மை.

இதுவரை பார்த்த இரண்டும் முறிவு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்பவை. எந்த வழியில் ஒட்டியது என்று சொல்லாது. செல்லுக்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. முனைகளை அப்படியே பிடித்து ஒட்டிவிடுவது ஒன்று, அவசரத்துக்கு நல்லது, சில எழுத்து தவறும். இன்னொரு பிரதியைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் நிரப்புவது மற்றொன்று, படியெடுத்து முடிந்த பிறகு சகோதரப் பிரதி பக்கத்தில் இருக்கும்போதுதான் நடக்கும். இதை அளக்க மரியா ஜேசின் ஆய்வகம் 1999-இல் வெளியிட்ட டிஆர்-ஜிஎஃப்பி இந்தத் துறையின் அழகான கருவிகளில் ஒன்று. ஒரே பாடப்புத்தகத்தின் இரண்டு கிழிந்த பிரதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரதியில் நடுப்பக்கம் ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. இரண்டாவதில் முன்னும் பின்னும் பக்கங்கள் இல்லை, ஆனால் அந்த நடுப்பக்கம் நன்றாக இருக்கிறது. இரண்டுமே தனியாக வாசிக்க உதவாது. பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி மரபணுவை இப்படி இரண்டு உடைந்த பிரதிகளாக ஒரு குரோமோசோமுக்குள் பதித்திருக்கிறார்கள். முதல் பிரதியின் கெட்ட இடத்தில் ஐ-ஸ்கீ-ஒன் என்ற ஈஸ்ட் நொதி வெட்டும் தொடர் இருக்கிறது. வெட்டியதும், செல் இரண்டாம் பிரதியைப் பார்த்துத் திருத்தினால் மட்டும் முழு ஜிஎஃப்பி கிடைத்து, செல் பச்சையாக ஒளிரும். அந்தத் தொடருக்கு 18 எழுத்து நீளம். தற்செயலாக ஏறக்குறைய 6,900 கோடி எழுத்துக்கு ஒரு முறைதான் அப்படி அமையும். நம் மரபணுத்தொகுதியோ 300 கோடி எழுத்துதான். ஆக, நொதி வேறெங்கும் கை வைக்காது. செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் இரண்டு மூன்று நாள் கழித்து நூற்றுக்கு எத்தனை பச்சை என்று எண்ணினால் வேலை முடிந்தது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள் வேலை செய்யாத செல்களில் பிரதி பார்த்துத் திருத்தும் இந்த வழி படுத்துவிடுகிறது என்று காட்ட ஜேசின் குழுவுக்குக் கைகொடுத்தது இந்த வகைக் கருவிகள்தான். அந்த அறிவின் மேல்தான் 2005-இல் பார்ப் என்ற பழுதுபார்ப்பு நொதியின் தடுப்பான்கள் அந்தச் செல்களைக் கொல்லும் என்ற இரண்டு கட்டுரைகளும், 2014-இல் அமெரிக்காவில் ஓலாபரிப் என்ற பார்ப் தடுப்பு மருந்துக்கு அனுமதியும் வந்தன.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. முனைகளைப் பிசகாமல் ஒட்டிவிட்டால் பழைய தொடர் திரும்ப வந்துவிடும், நொதி திரும்பவும் வெட்டும். தவறாக ஒட்டும் வரையோ பிரதி பார்த்துத் திருத்தும் வரையோ இது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒழுங்காக ஒட்டியது எத்தனை தடவை என்று இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. கிரிஸ்பர்-கேஸ்9 என்ற மரபணு வெட்டும் கருவியை வைத்து வெட்டினாலும் இதே கதைதான். உங்கள் சாறு செல்களை ஜி1 கட்டத்தில் (டிஎன்ஏவைப் படியெடுப்பதற்கு முந்தைய கட்டம்) நிறுத்திவிட்டால், பழுதுபார்க்கும் புரதம் எதையும் தொடாமலே பச்சை குறையும். சாறே பச்சையாக ஒளிர்ந்தால் நிலைமை தலைகீழ். மஞ்சளின் குர்குமின் ஃப்ளோ சைட்டோமீட்டரின் பச்சைச் சேனலில் பிரமாதமாக மின்னும். ஜிஎஃப்பி இல்லாத செல்லில் சாற்றை மட்டும் கொடுத்து ஒரு குழாய் ஓட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

லேசரால் அணுக்கருவில் ஒரு கோடு போட்டு, ஒளிரும் புரதம் எத்தனை நொடியில் அங்கே வந்து சேர்கிறது என்று பார்க்கும் முறை பார்க்க அழகு. ஆனால் ஒரு சின்னக் கோட்டுக்குள் அவ்வளவு சேதத்தை அடைப்பதால், இயல்பான செல்லில் நடப்பது அதுதானா என்பதில் எனக்கு எப்போதுமே தயக்கம். முறிவுகள் மரபணுத்தொகுதியில் எங்கெங்கே என்று தொடர்வரிசை வாசித்துச் சொல்லும் பிளெஸ் (2013), எண்ட்-சீக் (2016) போன்றவையும் வந்துவிட்டன. எம்.எஸ்சி. பட்ஜெட்டுக்கு அவை வேண்டாம்.

எண்ணுவதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எது சாறு கொடுத்தது என்று தெரிந்துகொண்டே எண்ணினீர்களா? நான் எண்ணியிருக்கிறேன். ஒரு தடவை என் சீனியர் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் ஸ்லைடுகளின் லேபிள் மேல் டேப் ஒட்டி எண் போட்டுக் கொடுத்தார். நான் முன்னால் கண்டுபிடித்திருந்த வித்தியாசத்தில் பாதி காணாமல் போனது. நான் ஏமாற்றவில்லை. மங்கலான புள்ளியைக் கதிர் பட்ட ஸ்லைடில் புள்ளி என்றும், படாத ஸ்லைடில் தூசி என்றும் கை தன்னால் எழுதியிருந்தது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், கேட்டலேஸ் தட்டு முதலில். அடுத்து ப்ரோபிடியம் அயோடைடு என்ற டிஎன்ஏ சாயம் போட்டுச் செல் சுழற்சியைப் பார்ப்பேன். ஹீலாவில் பாப்பிலோமா வைரஸின் இ6 புரதம், டிஎன்ஏ சேதம் கண்டால் சுழற்சியை நிறுத்தும் பி53 புரதத்தை அழித்துவிடுவதால், சுழற்சியைப் பற்றிப் பெரிதாக முடிவு சொல்வதென்றால் யு2ஓஎஸ் மாதிரி இன்னொரு செல்லிலும் பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு கதிர்வீச்சு கொடுத்து நேர வரிசை, கூடவே பழுதுபார்ப்பைத் தடுப்பது உறுதியாகத் தெரிந்த டிஎன்ஏ-பிகே (முனைகளை ஒட்டும் வழியின் நொதி) தடுப்பான் ஒன்றை வைத்து ஒரு வரிசை. அதில் புள்ளி நிற்காவிட்டால் உங்கள் சோதனையே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கையில் நேரம் இருந்தால் காலனி சோதனை: சில நூறு செல்களைத் தூவி, பத்துப் பதினான்கு நாள் விட்டு, 50 செல்லுக்கு மேல் வளர்ந்த கூட்டங்களைக் கிரிஸ்டல் வயலட் போட்டு எண்ணுவது. 1956-இல் பக்கும் மார்கஸும் கொண்டுவந்தது. எந்த வழி கெட்டது என்று சொல்லாது, ஆனால் செல் கடைசியில் பிழைத்ததா என்பதைச் சொல்லிவிடும்.

இதெல்லாம் செய்ய நேரமில்லை, அடுத்த மாதம் சமர்ப்பிக்க வேண்டும் என்றால், “இச்சாற்றுடன் 24 மணி நேரம் வைத்த ஹீலா செல்களில் காமா-எச்2ஏஎக்ஸ் புள்ளிகள் அதிகரித்தன, இது முறிவு கூடியதாலா, பழுதுபார்ப்பு குறைந்ததாலா என்பதை இச்சோதனை பிரித்துக் காட்டாது” என்று எழுதுங்கள். வைவாவில் எந்தத் தேர்வாளரும் அந்த வரியை வைத்து உங்களை மடக்க முடியாது. பழைய ஸ்லைடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாயம் இன்னும் மங்காமல் இருந்தால் லேபிளை மறைத்து யாரையாவது தரச் சொல்லி, புள்ளி புள்ளியாக இருக்கும் செல்கள் எத்தனை, அணுக்கரு முழுக்க எரியும் செல்கள் எத்தனை என்று இரண்டையும் தனித்தனியாகத் திரும்ப எண்ணுங்கள். இரண்டாவது வகை அதிகமாக இருந்தால், இங்கே வந்து சொல்லுங்கள், அப்போது நாம் பேச வேண்டியது பழுதுபார்ப்பைப் பற்றி அல்ல, செல் சாவைப் பற்றி.